இடி கேட்காத நாற்காலி

"எல்லா இடத்துலயும் இடி இடிக்கு. நான் உக்காருத இடத்துல மட்டும் இல்லை," என்றார் ஆவுடையப்பன்.

பிலோமினா டீச்சர் கல் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வாங்க அண்ணாச்சி. எந்த இடி?"

"சினிமா இடி."

"உக்காருங்க."

உட்கார அங்கே ஒரு கல்தான் இருந்தது. ஆவுடையப்பன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அதில் உட்கார்ந்தார்.

அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மாடியறையில் வீட்டுத் திரையரங்கு அமைத்திருந்தார். சுவரை அடைத்து ஒரு திரை. சுற்றிலும் ஸ்பீக்கர்கள். தாழ்ந்த ஓசைக்கென்று தனியாக ஒரு கனத்த கறுப்புப் பெட்டி. கடையில் அதைச் சப்வூஃபர் என்றார்கள். வீட்டில் ஊஃபர்.

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவர் அல்லர். சென்னையில் படங்களுக்கு ஒலி கலந்துகொண்டிருந்தவர். ஆவுடையப்பனைவிட இருபது வயதாவது இளையவர். ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் ஒரு ரேடியோகூடக் கிடையாது. ஆனாலும் ஒலியில் ஏதாவது சிக்கல் என்றால் ஜனங்கள் அவரைத் தேடித்தான் வந்தார்கள்.

"கடையில கேட்டீங்களா?" என்றார் டீச்சர்.

"பெட்டி சின்னதுன்னாங்க. பெருசு வாங்கினேன். இப்ப ஜன்னல் நடுங்குது. கீழ அடுக்களையில தட்டு குலுங்குது. எனக்கு மட்டும் யாரோ அட்டையில தட்டுத மாதிரி இருக்கு."

"அப்புறம்?"

"கூட்டி வச்சேன்."

"அப்புறம்?"

"இன்னும் கூட்டி வச்சேன்."

டீச்சர் ஒரு துண்டைப் பிழிந்து உதறினார். தண்ணீர் ஆவுடையப்பன் முகத்தில் தெறித்தது.

"இடி இல்லாமப் படம் பாத்தா என்ன கெட்டுப்போச்சு?"

ஆவுடையப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்டுக்காரி எந்திரிச்சுப் போயிருதா," என்றார்.

விஷயம் அதுதான். கல்யாணமான புதிதில் இருந்து சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது வழக்கம். மழையானாலும் விட்டதில்லை. கொட்டகைக்குச் சண்டை போட்டுக்கொண்டே போய்ச் சண்டை போட்டுக்கொண்டே திரும்பிய நாளும் உண்டு. ஊரில் இருந்த கொட்டகையைக் கல்யாண மண்டபமாக்கிவிட்டார்கள். அதன்பிறகுதான் மாடியறை வேலை தொடங்கியது. கோமதிக்காகத்தான் செய்கிறேன் என்று கொத்தனார் முதற்கொண்டு எல்லாரிடமும் சொன்னார்.

அந்தக் கோமதி இப்போது படம் பாதி ஓடும் முன்பே எழுந்துவிடுகிறாள்.

"தலை வலிக்கு," என்பாள்.

"தைலம் அலமாரில இருக்கு," என்பார் அவர், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

போன வாரம் மாடிப்படியில் வைத்தே சொல்லிவிட்டாள். "வார சனிக்கிழமையும் இப்படித்தான்னா, அதுக்கப்புறம் நீங்களாச்சு, உங்க பெட்டியாச்சு. என்னைக் கூப்பிடாதீங்க."

"சத்தம் சரியாயிட்டுன்னா உக்காருவா," என்றார் ஆவுடையப்பன். "அதுக்குத்தான் உங்களத் தேடி வந்தேன்."

டீச்சர் துணிகளை எல்லாம் தொட்டியில் இருந்து எடுத்து வெளியே போட்டார். தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்தார். கீழே கிடந்த புங்க இலைகளில் இரண்டைப் பொறுக்கினார். ஒன்றைத் தொட்டியின் ஓரத்தில் மிதக்கவிட்டார். மற்றொன்றை நடுவில்.

பிறகு உள்ளங்கையால் தண்ணீரை ஒரு தள்ளு தள்ளினார்.

தண்ணீர் எதிர்ச் சுவரில் ஏறியது. இறங்கியது. இந்தப் பக்கம் வந்து ஏறியது. ஓரத்து இலை தொட்டியைவிட்டு வெளியே விழுந்துவிடும்போல மேலும் கீழும் போய்வந்தது. நடு இலை லேசாக இப்படியும் அப்படியும் நகர்ந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"நீங்க எங்க உக்காருவீங்க?" என்றார் டீச்சர்.

"நட்ட நடுவுல."

ஆவுடையப்பன் நடு இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் நகரணுமா?"

"நகருவீங்களா?"

"சிமெண்டு மேடை கட்டி நாற்காலியை போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கே."

"நான் நாற்காலியைக் கேக்கலை."

"திரைக்கு நேர உக்காந்தாத்தானே டீச்சர் படம்?"

"சரி. நீங்க நகர மாட்டீங்க. பெட்டி நகரட்டும்."

"எங்க?"

"உங்க நாற்காலியில அத உக்கார வைங்க. படத்தைப் போட்டுவிடுங்க. நீங்க முட்டி போட்டுச் சுவரோரமாத் தவழ்ந்து போங்க. எந்த இடத்துல காதுக்கு நிறைஞ்சு கேக்குதோ அதுதான் அதுக்கு இடம்."

ஆவுடையப்பன் டீச்சர் முகத்தைப் பார்த்தார். விளையாடுவதாகத் தெரியவில்லை.

"என் இடத்துல அது. அதோட இடத்துல நான்."

"ஆமா."

"மாறி உக்காந்தா எப்படிச் சரியா வரும்?"

"அங்கருந்து இங்க வாரதும் இங்கருந்து அங்க போறதும் ஓசைக்கு ஒரே வழிதான்."

"நீங்களே ஒரு தடவை வீட்டுக்கு வந்து பாத்துட்டா..."

"நான் வந்தா என் காதுல்லா வரும். அதுவா உங்க வீட்டுல குடியிருக்கப்போகுது?"

ஆவுடையப்பன் எழவில்லை. கேள்வி இன்னொன்று இருந்தது.

"எவ்வளவு சத்தம் வைக்கணும்? எங்கிட்ட மீட்டர் இருக்கு. நீங்க எண்ணைச் சொன்னாப் போதும்."

டீச்சர் கொடியில் துணிகளைக் காயப்போட்டார். உள்ளே போனார். இரண்டு டம்ளரில் கடுங்காப்பியோடு வந்தார். ஒன்றை நீட்டினார். இருவரும் குடித்தார்கள். காப்பி தீரும்வரை எண் வரவில்லை.

திடீரென்று ஆவுடையப்பன் தலையைத் தூக்கினார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஏதோ நின்னு போச்சு."

"என்னது?"

யோசித்தார். "தெரியலை."

"பக்கத்துத் தோப்புல பம்புசெட்டு. நீங்க வரும்போதே ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"எனக்குக் கேக்கவே இல்லையே!"

"அதுதான் அளவு," என்றார் டீச்சர். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

*

அன்று சாயங்காலமே ஆவுடையப்பன் ஊஃபரைத் தூக்கித் தன் நாற்காலியில் வைத்தார். விலை உயர்ந்த சாய்வு நாற்காலி அது. பாரம் ஏறியதும் தானாகவே பின்னால் சாய்ந்து கால் பலகையை நீட்டிக்கொடுத்தது. பெட்டி மேலதிகாரிபோலச் சாய்ந்து படுத்திருந்தது.

மழைக்காட்சி ஒன்றை ஓடவிட்டார். ஓடி முடிந்தால் திரும்ப முதலில் இருந்து ஓடும்படி வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். முட்டி போட்டார்.

திரைக்குப் பக்கத்து மூலையில் தொடங்கினார். ஊஃபர் இத்தனை நாளும் இருந்த இடம் அதுதான். அங்கே காதை வைத்தால் அதே அட்டைச் சத்தம். ஒரே வழிதான் என்று டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. சுவரோரமாக நகர்ந்தார்.

வாசலில் நிழல் விழுந்தது. கோமதி.

"என்னங்க இது?"

"ஊஃபருக்கு இடம் தேடுதேன்."

கோமதி நாற்காலியைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"அது கால் நீட்டிப் படுத்திருக்கு. நீங்க தவழுதீங்க. இந்த வீட்டுல யாரு எசமான்னு இத்தனை வருசமா எனக்கொரு சந்தேகம். இப்பத் தீந்துச்சு."

"சிரிக்காத. காது வச்சுக் கேக்கணும்."

"கேளுங்க, கேளுங்க. பேரன் வந்தா அவனுக்குத் தவழச் சொல்லிக்கொடுக்க ஆள் தயார்."

சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். அவளுடைய சிரிப்பு கீழே அடுக்களைவரை போனது தெரிந்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் முட்டி வலித்தது.

இடது சுவர் முடிந்தது. பின் சுவர். ஓரிடத்தில் இடி குடத்துக்குள் இருந்து வருவதுபோல் வந்தது. இன்னோரிடத்தில் வந்த சுவடே இல்லை. கதவுப் பக்கம் வந்தபோது நின்றார். இங்கே இடி உருண்டு வந்தது. முழுசாக வந்தது. வந்த வேலையை முடித்துக்கொண்டு போனது.

தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தார். அந்த இடமேதான்.

அங்கே கோமதியின் பிரம்பு நாற்காலி கிடந்தது.

அவளுக்கும் சேர்த்துத்தான் சாய்வு நாற்காலி வாங்கியிருந்தார். ஜோடியாகத்தான் போல்ட்டு போட்டது. ஒரே ஒருநாள் அதில் உட்கார்ந்தாள். "புதைகுழி மாதிரில்லா இருக்கு. எந்திரிக்கக் கிரேன் வேணும்," என்றாள். மறுவாரம் கீழே இருந்து தன் பிரம்பு நாற்காலியை ஏற்றிக்கொண்டு வந்து கதவோரம் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். அங்கே இருந்துதான் படம் பார்ப்பாள். பார்ப்பதோடு விடமாட்டாள். "இவன் சாகப்போறான் பாருங்க," என்பாள். "மச்சினன்தான் திருடன். மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே," என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். "பேசாமப் பாரு," என்பார் இவர்.

ஆவுடையப்பன் பிரம்பு நாற்காலியைத் தூக்கிக் கதவுக்கு வெளியே வைத்தார். ஊஃபரை இறக்கி அந்த இடத்தில் பொருத்தினார்.

தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

இடி நெஞ்சுக்குள் இறங்கியது.

மீட்டரைக் கையில் எடுக்கவில்லை. பெட்டியின் சத்தத் திருகைக் குறைத்தார். ஊஃபரை அணைத்துப் பார்த்தார். ஏதோ நின்றுபோனது போலிருந்தது. மறுபடி போட்டார். பெட்டி ஓடுவதே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் குறைத்தார். திருகு பாதிக்கும் கீழே வந்து நின்றது.

"கோமு! வந்து கேளு!"

கோமதி ஏறி வந்தாள். வாசலில் நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். அது இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

"உள்ள வந்து உக்காரேன்." பக்கத்துச் சாய்வு நாற்காலியைக் காட்டினார்.

"அடுப்புல பால் இருக்கு," என்றாள்.

*

சனிக்கிழமை கோமதி மாடிக்கு வரவில்லை.

"படம் போடப்போறேன்," என்று கீழே பார்த்துச் சத்தம் கொடுத்தார்.

"போடுங்க," என்று பதில் வந்தது.

போட்டார். எழுத்து ஓடும்போது வந்துவிடுவாள் என்று நினைத்தார். எழுத்து ஓடி முடிந்தது. முதல் பாட்டுக்கு வருவாள் என்று நினைத்தார்.

சத்தத்தில் ஒரு குறை இல்லை. ரயில் ரயிலாக வந்தது. மழை மழையாகப் பெய்தது. குதிரை ஓடினால் குளம்பு தரையில் படுவது தெரிந்தது. மின்வாரியத்தில் ஒரு லைனைச் சரி செய்துவிட்டுக் கம்பத்தில் இருந்து இறங்கும்போது வரும் நிம்மதி அவருக்கு வந்தது.

படத்தில் ஒருவன் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் நுழைந்தான். கையில் விளக்கு. பின்னால் நிழல்.

திடீரென்று ஆவுடையப்பன் தலையைத் தூக்கினார்.

ஸ்பீக்கர்களைப் பார்த்தார். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் ஊஃபரின் மேல் கை வைத்தார். அதுவும் ஓடிக்கொண்டிருந்தது.

ஏதோ நின்றுபோயிருந்தது.

படத்தை நிறுத்தினார். கோமதி உட்கார்ந்து பேசும் கதவோரத்தில் ஊஃபரின் சிறிய பச்சை விளக்கு மட்டும் எரிந்தது.

*

"சத்தம் சரியாயிட்டு டீச்சர்," என்றார் ஆவுடையப்பன். "அவ வரலை."

டீச்சர் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"எங்க வச்சீங்க?"

"பின்பக்கம். கதவோரம் சுவரை ஒட்டி."

"முன்ன அங்க என்ன இருந்துச்சு?"

"அவ நாற்காலி."

டீச்சரின் கை நிற்கவில்லை.

"அந்த நாற்காலி இப்ப எங்க?"

"கதவுக்கு வெளிய..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். காலையில் மாடிக்குப் போனபோது கதவுக்கு வெளியே ஒன்றும் இல்லை. எப்போது இல்லாமல் போனது என்றும் தெரியவில்லை.

"தெரியலை," என்றார்.

ஓர் ஈர்க்கு முழுவதும் உருவி முடித்தார் டீச்சர். அடுத்ததை எடுத்தார்.

"முட்டி போட்டீங்களா?"

"போட்டேனே! நீங்க சொன்ன மாதிரியே. இன்னும் எண்ணெய் தடவுதேன்."

"அது பெட்டி உங்க நாற்காலியில இருந்தப்போ. இப்ப அவங்க இடத்துல இருக்கு. இப்பப் போட்டீங்களா?"

"இப்ப எதுக்கு? இடம்தான் கிடைச்சாச்சே."

டீச்சர் கீரையில் இருந்த ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

"திருகைப் பழைய அளவுக்கு வைங்க. பெட்டி முன்ன இருந்த மூலைவரைக்கும் தவழ்ந்து போங்க."

"அங்க என்ன இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தப் பிரம்பு நாற்காலியில உக்காந்ததே இல்லையே."

ஆவுடையப்பன் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"நீங்க உக்காந்திருக்கீங்களா?" என்றார் டீச்சர்.

*

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குப் போனார். கீழே கோமதி பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது.

திருகில் பழைய அளவுக்குச் சிவப்புப் பொட்டு ஒன்று ஒட்டிவைத்திருந்தார். அதுவரை திருப்பினார். மழைக்காட்சியை ஓடவிட்டார். முட்டி போட்டார்.

பெட்டி அவளுடைய இடத்தில். தன் காது பெட்டியின் இடத்துக்குப் போகிறது. வழி ஒன்றுதான்.

சாய்வு நாற்காலிகளைத் தாண்டினார். திரையை நெருங்கும்போது தரை வழியாக உள்ளங்கையில் ஒரு நடுக்கம் ஏறியது. மூலைக்குள் தலையை நுழைத்தார்.

இடி விழுந்தது.

திரையில் விழுந்தது அல்ல. பிடரியில் விழுந்தது. பற்களுக்குள் போனது. கண்ணுக்குப் பின்னால் போய்த் தங்கியது. முடிந்தது என்று நினைத்து மூச்சு விட்டார். அது முடிந்திருக்கவில்லை. சுவரில் இருந்து திரும்பி வந்தது. அதன்மேல் அடுத்தது விழுந்தது.

இந்தக் காட்சி முடியும்வரை இருந்து பார்க்கலாம் என்று நினைத்தார்.

முடியவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். வாரா வாரம் இதைக் கேட்டுக்கொண்டுதான் இடைவேளைக்குக் கிட்ட வரை அவள் இருந்திருக்கிறாள்.

"என்னங்க! தட்டெல்லாம் தரையில விழுது! மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

கோமதி வாசலில் நின்றாள். கையில் சாம்பலும் நாரும்.

ஆவுடையப்பன் நாலு காலில் நின்றபடியே திரும்பினார்.

"தலை வலிக்கு," என்றார்.

கோமதி அவரைப் பார்த்தாள். மூலையைப் பார்த்தாள். தன் காலுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தாள். அதன் திருகில் சிவப்புப் பொட்டைப் பார்த்தாள்.

"தைலம் அலமாரில இருக்கு," என்றாள்.

சொல்லிவிட்டுப் போகவில்லை. அங்கேயே நின்றாள்.

ஆவுடையப்பன் தவழ்ந்தபடியே கதவோரம் வந்தார். ஊஃபரை அணைத்தார். பெட்டியைச் சுவரில் இருந்து தோளால் தள்ளினார். அது மெல்ல நகர்ந்தது. இன்னும் தள்ளினார். பிரம்பு நாற்காலியின் கால்கள் பதிந்திருந்த இடம் தரைவிரிப்பில் நாலு குழிகளாகத் தெரிந்தது.

"உன் நாற்காலி எங்க கோமு?"

"எதுக்கு?"

"வேணும்."

"கீழதான் எங்கயோ கிடக்கு. தேடுங்க."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழப்பார்த்தார்.

"எந்திரிக்காதீங்க," என்றாள் கோமதி. "அப்படியே தேடுங்க."